துணி டயப்பர்: அணிதலும் பேணுதலும்

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுத்தண்டில் அடிபட்ட ஒருவர் மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கும், வீட்டிலிருந்து வேலைக்கும் திரும்பும் நாளில், நடையைப் பற்றிய கேள்விகளை எல்லோரும் வாய்விட்டுப் பேசுவர். சிறுநீரைப் பற்றிய கேள்வியை எவரும் எடுப்பதில்லை. சக்கர நாற்காலியின் அகலம், வாசற்படிக்கு மேல் போடவேண்டிய சாய்தளம், அலுவலகத்துக்குச் செல்லும் வண்டி ஆகியவற்றை உறவினர் கூடி முடிவு செய்கிறார்கள். சிறுநீர் கசிந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவர் மற்றவரிடம் விட்டுவிட, கடைசியில் மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்த பொட்டலமே முடிவாகிவிடுகிறது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பவிருக்கும் தம்பிக்கு அப்படி ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே, பெரியவர்கள் அணியும் துணி டயப்பரைத் தேர்வதையும், கட்டுவதையும், துவைத்துக் காப்பதையும் பற்றி இக்கடிதம் எழுதப்படுகிறது. எழுதுபவர் செவிலியர் வேலையில் கண்டு பழகியவையே இதில் பெரும்பாலும் உள்ளன.

சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டதை மூளைக்கு அறிவிப்பதும், மூளை சொல்லும் வரை பையின் வாய்த்தசையை இறுக்கி வைத்திருப்பதும் தண்டுவடத்தின் வழியாகச் செல்லும் நரம்புகளின் வேலை. அந்த வழி அறுபட்டால் பை தானாகவே சுருங்கிச் சிறுநீரை வெளியே தள்ளும். அல்லது சுருங்காமலே நிரம்பி வழியும். காயம் தண்டுவடத்தின் எந்த மட்டத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து இது மாறும். மருத்துவர்கள் இதை நரம்புசார் சிறுநீர்ப்பை என்று குறிப்பிடுவர். நரம்பு அறுபட்டதால் வரும் இக்கசிவுக்கு மன உறுதியோடும் வளர்ப்போடும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே இதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

துணியைப் பற்றிப் பேசுமுன் துணிக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தபடி 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரை முழுவதும் வடித்துவிட்டுக் குழாயை எடுத்துவிடும் முறையே பையையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர், இதற்கு அறுவைக்கூடத்துத் தூய்மை தேவையில்லை, நன்றாகக் கழுவிய கையும் தூய குழாயும் போதும், நோயாளியே தம் கையால் செய்துகொள்ளலாம் என்று காட்டிய பிறகுதான், இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் தங்கள் சிறுநீரைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் வழி பரவலாகத் திறந்தது. துணி டயப்பர் இந்த முறைக்கு மாற்றாகாது. ஒரு வடிப்புக்கும் மறு வடிப்புக்கும் இடையே கசிவதைத் தாங்கிக்கொள்ளும் காவல் அது. கசிவு கூடுகிறது என்பதற்காகத் துணியை மேலும் மொத்தமாக்குவது பலரும் செய்யும் தவறு. திடீரென்று கசிவு கூடினால், பை அளவுக்கு மீறி நிரம்புகிறது, சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது, அல்லது மலச்சிக்கலால் குடல் பையை அழுத்துகிறது என்று பொருள் இருக்கக்கூடும். கலங்கிய சிறுநீரோ, காய்ச்சலோ, காலில் வழக்கத்துக்கு மாறான இழுப்போ சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி, கடையில் கிடைக்கும் பயன்படுத்தி எறியும் டயப்பரைப் பற்றி. அதன் உள்ளே மரக்கூழ் பஞ்சும், ஈரம் பட்டதும் ஜவ்வரிசிக் கஞ்சிபோல் உப்பிக்கொள்ளும் ஒருவகை வேதித் துகளும் இருக்கின்றன. வெளியே பிளாஸ்டிக் படலம். அந்தத் துகள் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பூட்டி வைத்துக்கொள்வதால் தோலுக்குமேல் ஈரம் குறைவாகவே தெரியும். அது உண்மையான நன்மை, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் படலத்துக்குள் எட்டு மணி நேரம் இருக்கும் தோலின் நிலை வேறு. செலவும் ஒரு பொருட்டுதான்: ஒன்று 30 ரூபாய் என்று வைத்து, நாளுக்கு நான்கு மாற்றினால் மாதம் 3,600 ரூபாய், புதிதாக வேலைக்குத் திரும்பும் ஒருவருக்கு அது சிறிய தொகையன்று. அந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் நான்கு மாற்றவேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தோல் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பயன்படுத்திய டயப்பரைத் தனியே பொதிந்து, பிற குப்பையுடன் கலக்காமல் தரவேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் அது தெருமுனைத் தொட்டியில் விழுந்து, ஒரு துப்புரவுத் தொழிலாளியின் வெறுங்கையில் முடிவதே மிகுதி. ஆயினும், நெடும்பயணம், மருத்துவமனைக்குச் செல்லும் நாள், தண்ணீர் இல்லாத விருந்தினர் விடுதி ஆகியவற்றுக்கு எறியும் டயப்பரை எடுத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. வீட்டில் துணி, வழியில் கடைச்சரக்கு என்று இரண்டையும் கலந்து வைத்துக்கொள்பவரே நீண்ட நாள் சலிப்பில்லாமல் சமாளிக்கிறார்.

துணி டயப்பர் என்பது ஒரே பொருளன்று. மூன்று அடுக்குகளின் சேர்க்கை. தோலைத் தொடும் மெல்லிய அடுக்கு, சிறுநீரைக் குடிக்கும் அடுக்கு, அதை வெளியே விடாமல் தடுக்கும் மேலுறை. குடிக்கும் அடுக்குக்குப் பருத்தியைவிட நல்ல துணி எளிதில் வாய்ப்பதில்லை. அதிலும் பலமுறை துவைத்துப் பழகிய பருத்தியே சிறந்தது. புதுத் துணியில் நெசவின்போது ஏற்றிய கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் ஒட்டியிருப்பதால், நீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றுவிட்டுப் பிறகே உள்ளே இறங்கும். ஐந்தாறு முறை சோப்புத்தூள் போட்டு அலசிய பிறகுதான் அது முழு அளவில் குடிக்கத் தொடங்கும். ஆகவே புதிதாக வாங்கியதை முதல் நாளே கட்டிப் பார்த்து, இது தாங்கவில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தேங்காய்ப்பூத் துண்டு மிகுதியாகக் குடிக்கும், ஆனால் காயத் தாமதிக்கும். பழைய வேட்டி குறைவாகக் குடித்தாலும் விரித்துப் போட்டால் விரைவில் காய்ந்துவிடும். மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைத் துணி மளமளவென்று உறிஞ்சினாலும், அதன்மேல் உடல் எடை விழுந்தால் பிழிந்த துணிபோல் உறிஞ்சியதை விட்டுவிடும். நாள் முழுதும் அமர்ந்தே வேலை செய்யப்போகிறவருக்கு அது ஏற்றதன்று. பல அடுக்குகளையும் ஒன்றாகத் தைத்து விற்கும் துணி டயப்பர்கள் பார்வைக்கு நேர்த்தியாக இருந்தாலும், தையலுக்குள் அகப்பட்ட ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. விரித்தால் ஒற்றைத் துணியாகிவிடும் மடிப்புத் துணியே தமிழ்நாட்டின் மழைக்கும் மாடிக்கும் பொருந்தும் என்பது இக்கடிதத்தின் உறுதியான கருத்து.

மேலுறையாக முற்காலத்தில் ரப்பர் பூசிய துணிதான் இருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை பெற்ற நீர்புகாத் துணியின் பெயரையே இன்றும் நம் மருத்துவமனைகளில் படுக்கைமேல் விரிக்கும் ரப்பர் ஷீட்டுக்கு வைத்து, மெக்கின்டாஷ் என்று செவிலியர் அழைக்கிறார்கள். இப்போது பாலியஸ்டர் துணியின் பின்பக்கத்தில் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஒட்டிச் செய்த மேலுறைகள் கிடைக்கின்றன; இவை மெல்லியவை, வளைபவை, நடமாடும்போது பிளாஸ்டிக்கைப்போல் சரசரப்பதில்லை. தொடை வளைவில் வரும் எலாஸ்டிக் விரல் ஒன்று நுழையும் அளவுக்கு இளகி இருக்கவேண்டும். இடுப்பில் டிச் பட்டன் வைத்ததைத் தேர்வது நல்லது; வெல்க்ரோ துவைக்கத் துவைக்கப் பஞ்சு ஒட்டிப் பிடிமானம் இழந்துவிடும். ஊக்கு மட்டும் கூடவே கூடாது. உணர்வுள்ளவரை ஊக்கு குத்தினால் அவர் அக்கணமே துள்ளிவிடுவார். உணர்வில்லாதவருக்கு மாலையில் துணியை அவிழ்த்து இரத்தக்கறையைக் காணும் வரை தெரியாது.

கட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பழைய நாலு முழ வேட்டி ஒன்றை நடுவில் குறுக்கே கிழித்தால், ஏறத்தாழ 90 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டின் அகலத்தை மூன்றாக மடித்தால் 40 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை உருவாகும். அது பின் இடுப்பிலிருந்து தொடைகளுக்கிடையே வந்து முன்வயிற்றில் முடியும் நீளம். இந்தப் பட்டையின்மேல் சிறிய தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை மூன்றாக மடித்து, ஆண்களுக்கு முன்பக்கமும் நடுவும் நிறையும்படி வைக்கவேண்டும். பிட்டத்து எலும்புகள் நாற்காலியின் மெத்தையில் பதியும் இடத்துக்குத் துண்டின் ஓரமோ மடிப்போ போய்விடக் கூடாது. அங்கே வேட்டித் துணி மட்டும், சுருக்கமின்றி, கையால் நீவிவிட்டதுபோல் கிடக்க வேண்டும். இவற்றைத் திறந்து வைத்த மேலுறையின்மேல் படுக்கையிலேயே அடுக்கி, ஒரு பக்கம் புரண்டு படுத்து, அடுக்கை இடுப்புக்குக் கீழே செருகி, மறுபக்கம் புரண்டு இழுத்துவிட்டு, நிமிர்ந்து படுத்து பட்டனைப் போடவேண்டும். முடிவில் இரு தொடை ஓரங்களிலும் விரலை ஓட்டி, உள்துணி எங்கேனும் மேலுறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது முக்கியம். ஒரு விரற்கடை துணி வெளியே நின்றாலும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது சிறுநீரைக் கால்சட்டைக்கு இழுத்துவிடும். கட்டிய துணி கசிகிறது என்று வரும் புகார்களில் மிகுதியானவை இந்த ஒரு விரற்கடையில்தான் முடிகின்றன. முதல் ஒரு வாரம் இந்தக் கட்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கலாம். பழகியபின் பத்து நிமிடம் போதும்.

எவ்வளவு துணி வைப்பது என்பதை ஊகத்துக்கு விடாமல், சமையலறையில் உள்ள எடை பார்க்கும் கருவிக்கு விடவேண்டும். உலர்ந்த அடுக்கின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, கழற்றியபின் ஒரு பையில் போட்டு மீண்டும் எடை பார்த்தால், கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லி சிறுநீர். 250 கிராம் துணி 400 கிராமாகத் திரும்பினால் கசிவு 150 மில்லி. மூன்று நாட்கள் இவ்வாறு, நேரத்தையும் குடித்த நீரையும் குழாயில் வடித்த அளவையும் சேர்த்து எழுதி வைத்தால், எந்த வேளைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பது தெரிவதோடு, மருத்துவரிடம் காட்டுவதற்கும் அதைவிட நல்ல குறிப்பு வேறு அமையாது. அதைப் பார்த்து அவர் வடிக்கும் நேரத்தை மாற்றலாம், அல்லது பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை தரலாம். துணியின் சுமையும் அதனால் குறையலாம்.

இவ்வளவுக்கும் மேலாகத் தம்பி மனத்தில் இருத்தவேண்டியது கடிகாரம். உணர்வுள்ள ஒருவருக்கு ஈரம் உறுத்தும், எரியும், அரிக்கும். அவர் தாமாகவே எழுந்து மாற்றிக்கொள்வார். உணர்வு போன இடத்தில் அந்த வேலையைக் கடிகாரமும் கையும் கண்ணும் ஏற்றுக்கொள்ள வேண்டும். துணி நனைந்திருக்கிறதா என்று யோசிக்காமல், பகலில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குழாய் வடிக்கும் வேளையோடு முடிந்தவரை சேர்த்து, கைப்பேசி மணி அடித்ததும் மாற்றிவிட வேண்டும். இடையில் நனைந்தது தெரிந்தால் அப்போதே மாற்றவேண்டும். மலம் பட்டுவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. இதன் காரணம் எளியது. நலமான தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை உடையது. அதுவே கிருமிகளுக்கு எதிரான முதல் வேலி. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியாவாக்கும்போது அந்தப் புளிப்பு மாறி, காரத்தன்மை ஏறுகிறது. ஊறிய தோல் மெலிகிறது. மலத்தில் உள்ள செரிமானப் பொருள்கள் காரத்தில் மேலும் வீரியம் பெற்றுத் தோலைத் தின்னத் தொடங்குகின்றன. சிறுநீர் நாற்றம் என்று எல்லோரும் அஞ்சுவதும் இந்த அம்மோனியாவைத்தான். புதிய சிறுநீருக்கு வாடை குறைவு. ஆகவே நாற்றத்துக்கு மருந்து சென்ட் அன்று, நேரம் தவறாத மாற்றலே.

மாற்றும்போதெல்லாம் வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சற்று நேரம் காற்றாட விடவேண்டும். நம் வீடுகளில் டெட்டாலின்மேல் உள்ள நம்பிக்கை பெரியது. ஆனால் நாள்தோறும் அதைத் தோலில் ஊற்றினால் தோல் வறண்டு வெடிக்கும். டால்கம் பவுடரும் வேண்டாம். ஈரத்தில் அது உருண்டு, மணல்போல் உறுத்தும். சிவந்த இடத்துக்கு மருத்துவர் தரும் துத்தநாகக் களிம்பை மெல்லிய படலமாகப் பூசி, அதற்கும் துணிக்கும் இடையே ஒரு பழந்துணியை வைக்கவேண்டும். களிம்பின் எண்ணெய் துணியில் ஏறினால் துணி குடிப்பதை நிறுத்திவிடும். சிவந்த படையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சிவப்பு பரவியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதற்குத் தனி மருந்து உண்டு.

காலையிலும் இரவிலும் நீண்ட பிடியுள்ள கண்ணாடியால் பிட்டத்தையும் தொடை மடிப்புகளையும் பார்த்துவிடுவது பல் துலக்குவதைப்போல் வழக்கமாக வேண்டும். ஒரே இடத்தில் எடை நெடுநேரம் அழுந்தி, அங்கே இரத்தம் ஓடாமல் தசை சாவதால் வருவது அழுத்தப்புண். படுக்கைப்புண் என்று ஊரில் சொல்வது இதையே. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்துப் பிறகு சிவக்கவேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அந்த இடத்தில் மீண்டும் எடை விழக்கூடாது. நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், புறங்கையை வைத்துச் சூடு கூடியிருக்கிறதா, தசை கெட்டியாக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஈரத்தில் ஊறிய தோல் அழுத்தத்துக்கு இன்னும் எளிதில் இரையாகிவிடும் என்பதால், துணி மாற்றும் ஒழுங்கும் நாற்காலியில் அவ்வப்போது முன்னால் குனிந்து எடையை மாற்றும் ஒழுங்கும் ஒன்றையொன்று சார்ந்தவை.

துவைப்பதற்கு வருவோம். கழற்றிய துணியை மணிக்கணக்கில் நீரில் ஊறப்போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த வாளி கிருமிகளுக்கு வளர்ப்புத் தொட்டியாகிவிடும். உடனே குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து, மூடியுள்ள காலி வாளியில் போட்டு, அன்றன்றே துவைத்துவிடுவது மேல். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் கறை இழையில் பிடித்துக்கொள்ளும். குளிர்நீர் முதலில், சோப்புத்தூள் கலந்த வெந்நீர் பிறகு. மலம் பட்ட துணியைக் கழிப்பறையிலேயே நீர் பீய்ச்சி மலத்தை நீக்கியபின் தனியாகத் துவைக்கவேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், உணவுக்குப் பின் குடல் தானே அசையும் வேளையில், மலம் கழிக்கப் பழக்கிவிட்டால் அத்தகைய துணி அரிதாகவே வரும்.

போர் தண்ணீர் உள்ள வீட்டில் சோப்புக்கட்டி பயன்படாது. உப்புநீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாகி இழைகளை அடைத்துவிட, துணி தோற்றத்தில் வெள்ளையாகவும் தொட்டால் தகரம்போலவும் ஆகிவிடும். சோப்புத்தூளோடு சிறிது சலவைச் சோடா சேர்த்தால் தண்ணீர் இளகும். பின்பு நுரை முழுதும் போகும்வரை அலசவேண்டும். மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் மென்மைத் திரவம் வேண்டாம், அதுவும் இழைமேல் எண்ணெய்ப் படலமாகப் படியும். இவற்றைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: சிறுநீர்த் துணி கிடக்கும் வாளியில் ஒருபோதும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டக்கூடாது. சிறுநீரின் அம்மோனியாவும் பிளீச்சிங் பவுடரின் குளோரினும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு எழும். கதவடைத்த சிறிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலப்பதும் அதேபோல் ஆபத்தானது. வெளுப்பதற்கு வெயில் போதும்.

மேலுறையைக் கொதிநீரிலோ இஸ்திரியிலோ காட்டினால் படலம் உரிந்துவிடும். வெதுநீரில் கையால் அலசி நிழலில் உலர்த்தினால் நெடுநாள் வரும். பருத்தித் துணிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நாளுக்கு ஐந்து மாற்று என்று கொண்டால், கோடையில் 12 முதல் 15 அடுக்குகள் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் 25 அடுக்குகளாவது இருக்கவேண்டும். மின்விசிறியின் கீழ் முக்கால்வாசி காய்ந்ததை இஸ்திரி போட்டு எடுத்தால் உள்ளே பதுங்கிய ஈரமும் போய்விடும். காய்ந்ததுபோல் தோன்றினாலும் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் துணி காயவில்லை என்றே கொள்ளவேண்டும்.

நனையாமல் இருப்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் ஆசை வேலைக்குப் போகும் முதல் வாரத்திலேயே தோன்றும். அதற்கு இணங்கவே கூடாது. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி மேலும் சுருங்கச் செய்யும். கிருமி தங்கும், கல் சேரும், மலம் இறுகும். படுக்கப்போகும் முன் இரண்டு மணி நேரம் குடிப்பதைக் குறைக்கலாம். டீ, காப்பியைப் பகலின் முற்பகுதியோடு நிறுத்தலாம். நாள் முழுதுக்கும் மருத்துவர் சொன்ன அளவு உள்ளே போயே ஆகவேண்டும்.

அலுவலகப் பையில் இரண்டு அடுக்குகள், ஒரு மேலுறை, வடிக்கும் குழாய், நனைந்ததைப் போட ஜிப் வைத்த நீர்புகாப் பை, ஒரு மாற்றுக் கால்சட்டை இருந்தால் போதும். கால்சட்டை இடுப்பில் ஒரு அளவு கூடியதாக இருக்கட்டும். நாற்காலி நுழையும் கழிப்பறையும், கதவைத் தாழிட்டு இருபது நிமிடம் செலவிடும் உரிமையும் கேட்டுப் பெறவேண்டியவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இத்தகைய ஏற்பாடுகளைக் கேட்க இடம் தருகிறது. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அக்காரணத்துக்காக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பதையும் அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உடன் வேலை செய்பவர் எல்லோருக்கும் விளக்கவேண்டியதில்லை; நம்பத்தக்க ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் வண்டி விபத்தில் தண்டுவடம் முறிந்து, கால்களின் இயக்கத்தை இழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அவர் முயற்சியால் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வு நிலையம் வேலூரை அடுத்த பாகாயத்தில் எழுந்தது. நாற்காலியில் அமர்ந்து நாள் முழுதும் வேலை செய்வது இந்தத் தமிழ்நாட்டில் எழுபது ஆண்டுகளாக நடந்துவருவதே.

துவைக்கும் வேலை யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாய் மறுக்கமாட்டார், நள்ளிரவிலும் எழுந்து துவைப்பார், அதில் அவருக்குக் குறை தோன்றாது. ஆனால் அறுபது வயதைக் கடந்த இடுப்பு நாள்தோறும் ஐந்து ஈரத்துணிகளைக் குனிந்து பிழிவதற்கு ஏற்பட்டதன்று. நாற்காலியில் இருந்தபடியே எட்டும் உயரத்தில் ஒரு குழாயும், திண்டின்மேல் ஒரு வாளியும், முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரமும் அமைந்தால் தம்பியே இந்த வேலையை முழுவதும் செய்துகொள்ள முடியும். முதல் மாதச் சம்பளத்தில் மற்றவற்றுக்கு முன் அதை வாங்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. இத்துணிகளை வீட்டின் பின்புறத்திலோ, குளியலறைக் கம்பியிலோ, ஒரு சேலைக்கு அடியில் மறைத்தோ உலர்த்தும் எண்ணம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வரும். பெண்கள் தங்கள் மாதவிலக்குத் துணிகளைத் தலைமுறை தலைமுறையாக அப்படி மறைத்து உலர்த்தி, காயாத துணியைக் கட்டி, நோயையும் தாங்கியிருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை ஆண்மக்களும் இப்போது கற்றுக்கொள்ள வேண்டாம். மாடிக் கொடியில் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை வெயில் விழும் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே இப்போது தொங்கும் சட்டைகள் நிழலிலும் காய்ந்துவிடும். அவற்றை நகர்த்திவிட்டு, தம்பியின் துணிகளை ஒற்றையாக விரித்து அங்கே போடச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா